தீயணைப்புச் சிலிண்டரில் வளர்ந்த புல்

கடல் வந்து ஊரைத் தின்றுவிட்டுப் போன பிறகு வீட்டுக்குள் மீன்தொட்டி வைத்தவளுக்கு விசர் பிடித்துவிட்டது என்று சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லாரும் என் வாசல்படியில் வந்து நின்றுகொண்டுதான் சொன்னார்கள். நான் ஒருவருக்கும் உட்காரக் கதிரை எடுத்துப் போடவில்லை. "ஓம், விசர்தான். அதுக்கு இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன். அடுத்த வாரம் வேறு ஆட்கள் வந்து அதையே சொன்னார்கள்.

மீன்தொட்டி என்று நானும் வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டேன். மீன் பெயருக்குத்தான் அதற்குள் கிடந்தது. எனக்கு வேண்டியிருந்தது புல், தண்ணீருக்குள் வளர்கிற புல். அதைத் தின்ன முடியாது, விற்க முடியாது, ஆட்டுக்குப் போடவும் முடியாது. சும்மா பச்சையாக நிற்கும். அகதிக் கொட்டிலில் தகரத்தையும் சாம்பல் நிற விரிப்பையும் பார்த்துப் பார்த்து என் கண் செத்துப்போயிருந்தது. பச்சை வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசைக்குக் காரணம் கேட்டால் நான் எங்கே போக?

கல்முனைக்குடியில், அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் எங்கள் வீடு இருந்தது. எங்கள் என்றால் என் வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கணவனாகிற மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். ஆண்மக்கள் கலியாணம் முடித்து அவரவர் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவார்கள். உம்மாவும் வாப்பாவும் மகளோடு இருப்பார்கள். அந்த வீட்டைத்தான் கடல் எடுத்தது. வாப்பாவையும் எடுத்தது. உம்மா ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உயிர் தப்பினார். பிறகு வயலை நிரப்பி எங்களுக்குக் கட்டித் தந்த வீட்டுத் திட்டத்தில், ஸ்கீம் என்போம், எங்கள் வீட்டுப் பத்திரம் என் மாப்பிள்ளையின் பெயரில் வந்தது. ஏன் என்று கேட்டேன். குடும்பத் தலைவர் ஆம்பிளைதானே என்று சொன்னார்கள். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

அந்த வீட்டில் உம்மா தண்ணீரோடு பகையாகவே இருந்தார். வாளியை மூடி வைக்க வேண்டும். மழை பெய்து முற்றத்தில் தண்ணீர் தேங்கினால் கண்ணை மூடிக்கொண்டு கலிமா சொல்வார். குளிப்பது கோப்பையால் மொண்டுதான். ஆகவே ஊர் ஆட்கள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். அதனால்தான் அவர்களைக் கேட்காமல் உம்மாவையே கேட்டேன்.

தொட்டி வந்த கதை சின்னது. நிவாரணம் கொண்டு வந்த அலுவலகங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு போன காலம் அது. என் மாப்பிள்ளை பிரிட்ஜ், ஏசி திருத்துகிறவர். அப்படியொரு அலுவலகத்தில் ஏசி கழற்றப் போனபோது, அங்கிருந்த மேலதிகாரி வளர்த்த மீன்தொட்டியை வெறுமையாகக் கொடுத்துவிட்டார்கள். ஹாலில் கொண்டுவந்து வைத்தோம். தண்ணீர் ஊற்ற முதல் உம்மாவைக் கூப்பிட்டேன்.

"உம்மா, இதுக்குள்ள தண்ணி உடட்டா?"

உம்மா தொட்டியின் மூலைகளை விரலால் தடவிப் பார்த்தார். "ஒழுகுமா?"

"ஒழுகா."

"அப்ப உடு," என்று சொல்லிவிட்டுத் தன் பாயைத் தொட்டிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டார். எனக்கு அந்தச் சம்மதம் போதும்.

புல் இறக்காமத்திலிருந்து வந்தது. அங்கே ஒரு கடையில் பிரிட்ஜ் திருத்தப் போன இவர், குளக்கரையில் இறங்கிப் பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டு வந்தார். நட்டேன். கொஞ்ச நாளில் எல்லாம் மண்ணிறமாகிக் கரைந்தது. திரும்ப நட்டேன். திரும்பக் கரைந்தது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடத்தில் படித்தது அப்போதுதான் தலைக்குள் வந்தது. இலைக்கு வெளிச்சம் மட்டும் போதாது, மூச்சில் நாம் வெளியே விடுகிற காபனீரொட்சைட்டு வாயுவும் வேண்டும். குளத்தில் சேறும் சருகும் அழுகி அது கிடைக்கும். என் கண்ணாடிப் பெட்டியில் என்ன இருக்கிறது, கழுவின மணல்தானே!

போத்தலில் சீனியும் ஈஸ்டும் தண்ணீரும் கலந்து மூடி, மூடியில் குழாய் வைத்துத் தொட்டிக்குள் விட்டேன். குமிழி வந்தது. புல் நிமிர்ந்தது. ஆனால் போத்தல் நாறியது. அது என்ன நாற்றம் என்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும், வாயில் வைத்திருக்காவிட்டாலும் தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆட்கள் வீடு திரும்ப முதல், நான் வீட்டுக்குள் கசிப்புச் சாராயம் காய்ச்சுகிறேன் என்ற செய்தி ஸ்கீம் முழுக்கப் போய்விட்டது. அந்தச் செய்தி போன வேகத்தில் நிவாரண அரிசி ஒருநாளும் வந்ததில்லை.

நானா வந்தார். என் ஒரே அண்ணன். பெண்சாதி வீட்டிலிருந்து தொப்பியோடு நேரே வந்தார்.

"வாப்பாட பேரக் கெடுக்கவா நிக்காய்? என்னகா இது?"

நான் போத்தலைக் கழற்றி அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன். "குடிச்சிப் பாருங்க நானா. நல்லா இரிந்தா உங்கட ஊட்டுக்கும் ஒண்டு கட்டித் தாறன்."

"அஸ்தஃபிருல்லாஹ்!" என்று பின்னால் துள்ளினார். உம்மா சிரித்தார். சுனாமிக்குப் பிறகு உம்மா சிரித்து நான் கண்டது அன்றுதான்.

ஆனால் நாற்றம் எனக்கும் பிடிக்கவில்லை. போத்தலைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, "வேற வழி சொல்லுங்க," என்று இவரைப் பிடித்துக்கொண்டேன். இவர் யோசித்துவிட்டு, பழைய இரும்புக் கடையில் தீயணைக்கும் சிலிண்டர்கள் குவிந்து கிடக்கின்றன என்றார். பூட்டிக்கொண்டு போன அலுவலகங்களின் சிலிண்டர்கள். ஒன்றைத் தூக்கிவரச் சொன்னேன்.

"சிவப்பெல்லாம் ஒண்டில்ல புள்ள," என்றார். "அமுக்கம் காட்டுற முள்ளு வெச்சது தூள். அத உன்ட தொட்டிக்குள்ள உட்டா மீனும் மௌத்து, புல்லும் மௌத்து. முள்ளு இல்லாம, வாயில கறுப்புப் புனல் வெச்சதுதான் காபனீரொட்சைட்டு."

அப்படியொன்று வந்தது. நான் அன்றைக்கே குழாயைப் பூட்டச் சொன்னேன். இவர் அசையவில்லை. உள்ளே வாயு தண்ணீர் மாதிரித் திரவமாக அமுங்கிக் கிடக்கிறதாம். நடுவில் ஒரு குழாய் அடிவரைக்கும் போய் அந்தத் தண்ணீரை உறிஞ்சி அடிக்குமாம். நெருப்புக்கு அது சரி. எங்களுக்கு வேண்டியது மேலே நிற்கிற வாயு மட்டும். அந்தக் குழாயை எடுக்காமல் பூட்டினால் அந்தத் திரவம் அமுக்கத்தைக் குறைக்கிற ரெகுலேட்டருக்குள் ஏறி அதைச் சிதறடித்துவிடும். அமத்துகிற கைபிடியை எடுத்துவிட்டுத் திருகுகிற வால்வும் போட வேண்டும். கழுத்தில் குத்தியிருந்த சோதனை வருசமும் பழையது.

"அப்ப நீங்களே கழட்டிப் பூட்டுங்களன். ஏசிக்கு வாயு அடிக்கிற ஆள்தானே."

"அந்த அமுக்கம் வேற, இந்த அமுக்கம் வேற. இது கட்டி வெச்ச வெடி. இதுல நான் கை வைக்க மாட்டன். சிலிண்டர் சோதிக்கிற இடத்துலதான் செய்யணும்."

நான் எவ்வளவு கத்தியும் அவர் மாறவில்லை. வயல் வெளியில் காற்றுப் பக்கம் பார்த்து நின்று, கையுறை போட்டுக்கொண்டு, இருந்த வாயுவைத் திறந்துவிட்டார். புனலில் வெள்ளையாகப் பனி பிடித்தது. தொடப் போன என் கையைத் தட்டிவிட்டார். தோல் ஒட்டிக்கொண்டு வந்துவிடுமாம்.

சோதிக்கிற இடம் மட்டக்களப்புக்கு அப்பால் இருந்தது. சண்டை நடந்துகொண்டிருந்த காலம், ரோட்டில் ஆமிச் சோதனைச் சாவடிக்கு மேல் சாவடி. போகும்போது வெறும் சிலிண்டர், ஆட்டிக் காட்டினோம், விட்டுவிட்டார்கள். திரும்பி வரும்போதுதான் வினை. குழாய் எடுத்து, புது வால்வு போட்டு, அமுக்கம் சோதித்து, வருசம் குத்தி, வாயு அடித்து, த்ரீவீலில் என் காலுக்கிடையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வருகிறேன். ஒரு சாவடியில் இறக்கச் சொன்னார்கள். வெயில் கொளுத்துகிறது. சிலிண்டரைத் தார் ரோட்டில் வைத்துவிட்டு எங்களை மரத்தடிக்குப் போகச் சொன்னார்கள்.

நான் போகவில்லை. என் குடையை விரித்துச் சிலிண்டருக்குப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். ஆமிக்காரர் ஒருவர் அரைகுறைத் தமிழில் கேட்டார்: "ஏன் போம்புக்குக் குடை?"

"போம்ப் இல்ல. இதுக்கு வெயில் ஆகாது. சூடாகினா அமுக்கம் ஏறும். ஏறினா உங்களுக்கும் எனக்கும் சேத்துத்தான் கஷ்டம்."

"எதுக்கு இது?"

"தண்ணிக்குள்ள புல்லு வளக்க."

அவர் மற்றவரைக் கூப்பிட்டார். மற்றவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். எல்லாருக்கும் அதையே சொன்னேன். இவர் பக்கத்தில் நின்று என் அபாயாவைப் பிடித்து இழுக்கிறார், குரலைக் குறை என்று. நான் ஏன் குறைக்க வேண்டும்? பொய் சொல்கிறவள் அல்லவா குறைக்க வேண்டும். கடைசியில் அவர்களுடைய மேலதிகாரி ஒருவர் வந்து, கழுத்தில் குத்தியிருந்ததைப் பார்த்து, வால்வை முகர்ந்து, மண்மூட்டை நிழலுக்குச் சிலிண்டரைத் தள்ளி வைக்கச் சொன்னார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போகச் சொன்னார். அவர் முகத்திலும் எழுதியிருந்தது, இவளுக்கு விசர் என்று.

ஹால் சுவரில் கொளுக்கி அடித்து, விழாதபடி சிலிண்டரைக் கட்டினோம். ரெகுலேட்டர், அதற்குப் பிறகு நூல் நூலாகத் திறக்கிற சின்ன வால்வு, குழாய்க்குள் தண்ணீர் திரும்பி ஏறாமல் ஒரு தடுப்பு. குமிழி ஒவ்வொன்றாகப் போனது. மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் வாயு கூடிவிட்டது என்று அர்த்தம், குறைக்க வேண்டும். விளக்கை அணைக்கும்போது வாயுவையும் அடைக்க வேண்டும், இருட்டில் புல்லுக்கு அது தேவையில்லை. இதையெல்லாம் நான் பழகிக்கொண்டேன்.

புல் வந்தது! தொட்டி அடி தெரியாமல் வந்தது. ஒவ்வொரு இலை நுனியிலும் காற்று முத்து முத்தாக நின்றது. திட்டிவிட்டுப் போன பெண்கள் பிள்ளைகளைச் சாட்டி வந்து எட்டிப் பார்த்தார்கள். அப்போதும் நான் கதிரை போடவில்லை. ஆனால் எனக்குப் பெரிய சந்தோசம் அதுவல்ல. ஒருநாள் உம்மா தன் பாயைத் தொட்டியைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தார். அதற்குப் பிறகு தொழுகை, சாப்பாடு, படுக்கை எல்லாம் அந்தப் பாயில்தான், தொழாத நேரமெல்லாம் முகம் தொட்டிப் பக்கம்தான். என் புல் உம்மாவைத் தேற்றிவிட்டது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

சண்டை முடிந்தது என்று அறிவித்த நாட்களில் ஊரெல்லாம் வெடி கொளுத்தினார்கள். அதில் ஒருநாள் பின்னேரம் நடந்தது இது. அந்தி மஃரிப் தொழுகைக்கு வாங்கு சொல்ல முதல் கதவு ஜன்னலெல்லாம் சாத்துவது எங்கள் வீடுகளின் பழக்கம். அந்த நேரம் ஷைத்தான் திரிவான், வீட்டுக்குள் வருவான் என்பார்கள். தொழுது முடிந்ததும் திறந்துவிடுவோம். அன்று வெடிப் புகை வருகிறது என்று உம்மா திறக்கவில்லை. கதவுக்குக் கீழே பழைய சாரன் துணியையும் சுருட்டி அடைத்திருந்தார். இவர் பள்ளிவாசலில். நான் அறைக்குள் தொழுதுவிட்டு அப்படியே தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். மெஷின் சத்தமும் வெடிச் சத்தமும் சேர்ந்து, ஹாலில் சிலிண்டர் இரைந்ததை நான் கேட்கவில்லை.

விளக்கணைக்க வந்தேன். உம்மா பாயில் மல்லாந்து கிடக்கிறார். ஓடிக் களைத்தவர் போல நெஞ்சு ஏறி இறங்குகிறது.

"தலை வெடிக்கிது புள்ள," என்றார்.

குனிந்தேன். மூக்கில் சோடா குடித்தது போல ஏறியது, எனக்கும் மூச்சு வாங்கியது. நிமிர்ந்தால் பரவாயில்லை, குனிந்தால் முட்டுகிறது. யா அல்லாஹ்! அந்த வாயு காற்றைவிடப் பாரம் கூடியது. கீழேதான் தங்கும். நாங்கள் உண்பதும் தொழுவதும் உறங்குவதும் தரையில்தானே. கதவைத் திறந்து, பாயின் நுனியைப் பிடித்து, உம்மாவைப் பாயோடு இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். உம்மாவின் கால் கதவு நிலையில் அடிபட்டது. அதைப் பார்க்க நேரமில்லை. திரும்பி ஓடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வால்வை அடைத்து, ஜன்னலெல்லாம் திறந்தேன். வெளியே வந்தபோது உம்மா எழும்பி உட்கார்ந்திருந்தார். நான் அவருடைய மடியில் விழுந்து ஓவென்று அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இவர் வந்து சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்த்தார். ரெகுலேட்டர் பூட்டிய இடத்தில் நுரை பொங்கியது. வாஷர் வெடித்திருந்தது.

"தொட்டிய என்ன செய்ய?" என்று கேட்டார்.

"தொட்டி என்ன குத்தம் செஞ்சது? சிலிண்டர் ஊட்டுக்குள்ள இரிக்கக் கூடா. அவ்வளவுதான். வெளிய நிழல்ல கம்பிக்கூடு அடிச்சி வெப்பம். சுவத்துல ஓட்டை போட்டு அந்த மெல்லிசுக் குழாய மட்டும் உள்ள எடுப்பம். கழட்டிப் பூட்டுற நேரமெல்லாம் புது வாஷர், சவர்க்காரத் தண்ணி. அதோட இரவைக்கு மட்டுமில்ல, ஜன்னல் சாத்துற நேரமும் வாயு அடைக்கிறது."

மறுநாள் காலையில் இவர் உளியும் சுத்தியலுமாகச் சுவரில் நின்றபோது வாசலில் த்ரீவீல் வந்து நின்றது. நானா இறங்கினார். த்ரீவீலை அனுப்பவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"சண்டை முடிஞ்சி ஊரெல்லாம் நிம்மதியா இரிக்கி. நீ ஊட்டுக்குள்ள குண்டு வெச்சிரிக்காய். உம்மாவக் கொல்லப் பாத்தாய். தொட்டி இண்டைக்கு வெளிய போகணும். இல்லாட்டி உம்மா என்னோட வருவா."

எங்கள் ஊரில் மகள் உயிரோடு இருக்க உம்மா மருமகள் வீட்டில் போய் இருப்பதென்றால், அந்த மகள் செத்ததற்குச் சமம். அது தெரிந்துதான் நானா சொன்னார்.

"இது என்ட ஊடு," என்றேன். "இங்க என்ன இரிக்கும் என்ன இரிக்காது எண்டு நான்தான் சொல்லுவன். நீங்க உங்கட பொண்டாட்டிட ஊட்டுல போய்ச் சட்டம் போடுங்க."

"உன்ட ஊடா? பத்திரத்துல யார்ட பேர் இரிக்கி?" என்று நானா இவரைப் பார்த்துத் திரும்பினார். "மச்சான், நீங்க சொல்லுங்க."

இவர் தலைமயிரில் விழுந்திருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டினார். "பேர் என்டதுதான். ஊடு அவட. ஓட்டை போடச் சொன்னதும் அவதான்."

நானா அவரோடு பேச்சை விட்டார். நேரே உம்மாவிடம் போனார். பத்திரத்தோடும் ஊரோடும் சண்டை பிடிக்கலாம். நேற்று மூச்சு முட்டிக் கிடந்த உம்மா, இனி இங்கே இருக்கப் பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் யாரோடு சண்டை பிடிக்க? உம்மா சொன்னால் அந்த நிமிசமே தொட்டியை உடைத்துவிடுவேன். வாயைத் திறந்து அதைச் சொல்லப் போனேன். நானா முந்திக்கொண்டார்.

"எழும்புங்க உம்மா. இந்தப் புல்லப் பாத்துப் பாத்து உசிர உடப் போறீங்களா?"

உம்மா பாயில் இருந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். "புல்லா? நான் எப்ப மகன் புல்லப் பாத்தன்?"

நானாவுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

"நான் தண்ணியப் பாக்கன்," என்றார் உம்மா. "உங்கட வாப்பாவ என்ட கையில இரிந்து பறிச்சிக்கிட்டுப் போன தண்ணி. என்னக் கேட்டுட்டா அண்டைக்கு ஊட்டுக்குள்ள வந்திச்சி? இப்ப என்ட மகள் அதப் பெட்டிக்குள்ள போட்டு வெச்சிரிக்காள். விடியவும் பாக்கன், படுக்கவும் பாக்கன். ஒரு சொட்டு வெளிய வரல்ல. நான் மௌத்தாகு மட்டும் அது அதுக்குள்ளதான் கிடக்கணும்."

வெளியே த்ரீவீல்காரர் எஞ்சினை நிறுத்தினார்.

"நீங்க போங்க மகன்," என்றார் உம்மா. பிறகு இவர் பக்கம் திரும்பி, "ஓட்டைய அடிங்க மருமகன்," என்றார்.